சாரணர் முகாமும் சாட்சிப் பெட்டியும்

போன மாதம் குவைத்திலிருந்து செல்வராசு கூப்பிட்டான். ஒரு காலத்தில் எனக்குக் கீழே பாத்திரம் கழுவியவன். இன்றைக்கு ஒரு பெரிய கம்பெனி கேம்ப்பில் தலைமைச் சமையல்காரன். குரலில் ஒரே அலுப்பு.

"அண்ணே, புதுசா வந்திருக்கிற பசங்க சாம்பிள் எடுக்கச் சொன்னா மூஞ்சியத் தூக்குறாங்க. சாப்பிடத்தான சமைக்கிறோம், எதுக்கு ஃபிரிட்ஜில வச்சுப் பூட்டணும்னு கேக்குறாங்க. நம்ம சாரணர் கேம்ப் கதையச் சொன்னேன். பார்லிமென்ட்ல பருப்பைப் பத்தியா பேசினாங்கன்னு சிரிக்கிறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்கண்ணே. செவுத்துல ஒட்டிடுறேன்."

சுவரில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கமாக எழுத எனக்கு வராது. என் மனைவி லூர்து சொல்வாள், "இவரு உப்பு வாங்கின கதையச் சொல்ல ஆரம்பிச்சா உப்பளத்துல இருந்து ஆரம்பிப்பாரு" என்று. ஆனாலும் முயன்று பார்க்கிறேன்.

என் பெயர் சூசை. குமரி மாவட்டத்துக் கடற்கரை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் என்னைக் கரையிலேயே விட்டு, மீன் குழம்பு வைக்கச் சொன்னார்கள். அதுதான் என் படிப்பு. பிறகு மஸ்கட்டில் ரூவியில் ஒரு ஓட்டலில் மூன்று வருஷம் பொரோட்டா அடித்தேன். துபாயில் சத்வாவில் ஒரு கஃபட்டேரியாவில் நாலு வருஷம் டீயும் ஆம்லெட்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு குவைத் வந்தேன். ஃபர்வானியாவில் ஒரு ரூமில் ஆறு பேர். ராணுவ முகாம்களுக்குச் சமையல்காரர்களை அனுப்பும் ஒரு கம்பெனியில் விசா. சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, வெள்ளை ஏப்ரனும் தொப்பியும்தான். ஆனால் வேலை பார்த்த இடத்தின் வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்கும்.

அந்தச் சமையலறைக்கு அதிகாரி அபு ஃபகத். அவருடைய ராணுவப் பதவிக்கு அரபியில் வகீல் என்று பெயர். நம்ம ஊர்க் கணக்கில் சுபேதார் மாதிரி. எனக்கு அது தெரியாமல் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஃபோன் போட்டு, "எனக்கு மேல ஒரு வகீல் இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். லூர்து பதறிப்போய் ஜெபக்கூட்டத்தில் எனக்காக வேண்டச் சொல்லியிருக்கிறாள், வக்கீல் வைக்கிற அளவுக்கு நான் என்ன வழக்கில் மாட்டினேனோ என்று.

வகீல் ஒல்லியான உயரமான மனிதர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகியிருப்பார்கள். அவர் பையில் ஒரு உஷ்ணமானி இருக்கும். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் "ஷுக்ரன்" என்பார். நன்றி என்று அர்த்தம். அவர் ஒரு தடவை நன்றி சொன்னால் நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்போம். இரண்டு தடவை சொன்னால் அன்றைக்கு முழுப் பானையும் குப்பைக்குப் போகும் என்று பொருள். ஒருமுறை கோழி வேகவில்லை என்று இரண்டு நன்றி சொன்னார். இருநூறு சிப்பாய்களுக்கு அன்று முட்டையும் ரொட்டியும்தான்.

என் பெயர் சூசை என்றால் ஜோசப், ஜோசப் என்றால் யூசுப் என்று அவருக்கு நானே விளக்கினேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எகிப்து நாட்டுக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் பெயர். எங்கள் வேதத்திலும் இருக்கிறார், உங்கள் வேதத்திலும் இருக்கிறார். உனக்கு இந்த வேலையைக் கொடுத்தது நான் இல்லை, உன் பெயர்" என்றார். அன்றிலிருந்து யூசுப் ஆனேன்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது சாம்பிள். பானை இறங்கியதும், முதல் தட்டு போவதற்கு முன்னால், வெந்நீரில் கொதிக்க வைத்த கரண்டியால் பானையின் நடுவிலிருந்து அள்ள வேண்டும். மேலிருந்து இல்லை, விளிம்பிலிருந்து இல்லை. கொதிக்க வைத்துக் காய்ந்த கண்ணாடி ஜாடியில் ஒரு ஆள் சாப்பிடும் அளவு போட வேண்டும். மூடி, மேலே சீட்டு ஒட்டி, என்ன உணவு, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை டிகிரி சூடு, யார் சமைத்தது என்று எழுத வேண்டும். ஃபிரிட்ஜில் மூன்று முழு நாள் இருக்கும். நாலாம் நாள்தான் கொட்டலாம். சோறு, குழம்பு, சாலட், பால் டீ, எதுவும் விலக்கில்லை. ஃபிரிட்ஜுக்கு ஒரே சாவி, அது வகீலின் இடுப்பில்.

செல்வராசு வந்து சேர்ந்த புதிதில் அந்த ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வக்கீலு இருக்காரு, பூட்டு இருக்கு. அப்ப இது சாட்சிப் பெட்டிண்ணே." பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், வாய் சும்மா இருக்காது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்த நாட்டுச் சாரணர் பிள்ளைகளுக்குப் பாலைவனத்தில் பத்து நாள் வசந்த முகாம் நடக்கும். நானூறு பிள்ளைகளுக்கு மேல், பத்து வயதிலிருந்து பதினாறு வரை. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கூடாரத்துக்கு ஒரு கொடி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க முடிச்சுப் போடுவதும் பாடுவதுமாக இருப்பார்கள். கூடாரம், தண்ணீர் டேங்கர், ஆம்புலன்ஸ், சமையலறை எல்லாம் ராணுவம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் சிப்பாய்கள் வந்து தரையை அடி அடியாகத் தடவிப் பார்ப்பார்கள். பழைய சண்டையில் புதைத்த கண்ணிவெடி எங்கேயாவது மிச்சம் இருக்கும் என்ற பயம். அவர்கள் வெள்ளைக் கயிறு கட்டிக்கொடுத்த எல்லைக்குள்தான் கூடாரம் அடிக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பத்து நாளும் திருவிழா. சிப்பாய்க்குச் சமைத்தால் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். பிள்ளைகள் வரிசையில் வந்து, "அம்மு யூசுப், இன்னும் ஒரு துண்டு" என்று கெஞ்சுவார்கள். அம்மு என்றால் சித்தப்பா. வீட்டில் இருக்கும் என் பிள்ளைகள் என்னை வருஷத்துக்கு ஒரு மாதம்தான் பார்த்தார்கள். இங்கே நானூறு பேர் சித்தப்பா என்றார்கள்.

நான் சொல்ல வந்த வருஷம், முகாம் தொடங்கிய மூன்றாம் நாள், பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேள்வி எழுப்பினார். மெல்லிய தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டவர். நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொல்வோம். ராணுவ டேங்கரும் ராணுவச் சமையல்காரரும் பிள்ளைகள் முகாமில் என்ன செய்கிறார்கள், அது கல்வித்துறையின் வேலை இல்லையா, ராணுவம் என்ன ஆயாவா என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார்: பத்து வயதுப் பையன் தினமும் காலையில் கண் விழித்து ராணுவ வண்டியைப் பார்ப்பது நல்லதில்லை என்று. வகீல் இதை எங்களுக்கு இந்தியில் சொன்னபோது, சரியாகத்தானே கேட்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

அவருக்கு எதிராக எழுந்து பேசியவர்களில் பெரிய குரல் அபு சாலிமுடையது. அவரும் உறுப்பினர்தான். அறுபது வயது, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சிரிப்பு. சின்ன வயதில் சாரணராக இருந்தவர். "எங்கள் பிள்ளைகள் வெடி கிடக்கும் மண்ணில் படுக்கிறார்கள். அந்த மண்ணை யார் தடவிப் பார்ப்பது? கல்வித்துறை குமாஸ்தாவா?" என்று கேட்டாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு என்று முடிவானது. ராணுவ உதவி தொடருமா, நிற்குமா என்று அன்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குக் கோழி மஜ்பூஸும் பருப்பு சூப்பும் கொடுத்தோம். மஜ்பூஸ் என்றால் நம்ம பிரியாணிக்கு அரேபியத் தம்பி. எல்லாம் நன்றாகவே போனது. நாலு மணிக்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சாரணர் தலைவர் உஸ்தாத் சமீர் ஓடி வந்தார். எகிப்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் (உஸ்தாத் என்றால் அதுதான்), எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும். அன்று விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதாமல் ஓடி வந்தார்.

"பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். ஒருவர் இல்லை. நிறைய."

மொத்தம் முப்பத்து நாலு பேர். ராணுவ டாக்டர் வந்தார், ஆம்புலன்ஸ் இரண்டு தடவை போய் வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, வயிற்றில் இருப்பது வெளியே வந்தால் சரியாகிவிடும், தண்ணீரும் உப்பும் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே சமையலறை வாசலில் சிவப்பு நாடா கட்டினார்கள். சமைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அன்று இரவிலிருந்து சாப்பாடு வேறொரு ராணுவ முகாமிலிருந்து வந்தது.

கம்பெனி சூப்பர்வைசர் ஃபோன் போட்டார். "யூசுப், யாரிடமும் எதுவும் பேசாதே. உன் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். லேப் ரிசல்ட் வரட்டும், பிறகு பேசுவோம்." அவர் மரியாதையாகத்தான் பேசினார். மேஜைமேல் வைத்த பாஸ்போர்ட் விமான டிக்கெட்டோடு ஊர்ப் பக்கம்தான் போகும் என்று கல்ஃபில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வகீல் சாட்சிப் பெட்டியைத் திறந்தார். என்னையும் செல்வராசுவையும் பக்கத்தில் நிற்க வைத்து, ஒவ்வொரு ஜாடியாக எடுத்துச் சீட்டைப் படித்தார். புதன் இரவிலிருந்து வெள்ளி இரவுவரை ஒவ்வொரு வேளையும், சனி காலை, சனி மத்தியானம். எல்லாம் இருந்தது. ஒரு ஜாடிச் சீட்டில் மட்டும் தமிழில் 'பருப்பு' என்று இருந்தது. அன்று என் கை ஈரமாக இருந்ததால் செல்வராசுவை எழுதச் சொல்லியிருந்தேன். அவனுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிட்டான். வகீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, முறுக்குப் படமா?"

"பருப்பு சார். தால்."

"மணி எழுதியிருக்கிறானா?"

"எழுதியிருக்கிறான் சார்."

"டிகிரி?"

"அதுவும்."

"அப்போது சரி." கீழே அரபியில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "யூசுப், இந்த ஜாடிகளில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. ராணுவச் சமையல் அட்டையில் பருப்பு சூப்புக்கு வெங்காயம், சீரகம், எலுமிச்சை, அவ்வளவுதான். நான் அதில் மிளகு இடித்துப் போட்டு, ஊரிலிருந்து காயவைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டுவேன். இரண்டு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தேன். லேப்பில் கண்டுபிடித்து, அட்டையில் இல்லாததைப் போட்டான் என்று எழுதினால் என் கதை முடிந்தது. ஆனால் அந்த மனிதர் கண்ணைப் பார்த்து மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

வகீல் ஜாடியைப் பெட்டியில் வைத்தார். "இரண்டு வருஷமாக அந்த சூப்பைச் சாப்பிடுகிறேன். எனக்கு நாக்கு இல்லையா? நான் கேட்டது சூட்டை. எண்பது டிகிரிக்குக் கீழே எதையாவது இறக்கினாயா?"

"இல்லை சார்."

"கலாஸ்." முடிந்தது என்று அர்த்தம். ஜாடிகளுக்கு அரக்கு முத்திரை வைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு அவரே ஜீப்பில் லேப்புக்குப் போனார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

போகும்முன் உஸ்தாத் சமீரிடம் ஒரு வேலை சொன்னார்: எந்தெந்தக் கூடாரத்தில் யார் யாருக்கு வயிறு கெட்டது என்று எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இருபது கூடாரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மூன்றில் மட்டும்தான் நோய். எங்கள் சாப்பாட்டை எல்லாரும் சாப்பிட்டார்கள். அப்படியானால் இந்த மூன்று கூடாரமும் தனியாக எதையோ சாப்பிட்டிருக்கின்றன. உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படுக்கையில் வாடிக் கிடந்தவனும் தலையை ஆட்டினான்: மாஃபி, மாஃபி. ஒன்றும் இல்லையாம்.

ஞாயிறு காலையில் காற்று கொஞ்சம் பலமாக வீசியது. இரண்டாம் கூடாரத்தின் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது. சமையல் இல்லாததால் சும்மா இருந்த செல்வராசு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அதை அடிக்கப் போனான். பழைய குழியில் நிற்காது என்று பக்கத்தில் புதிதாகத் தோண்டியிருக்கிறான். கால் மணி நேரத்தில் ஓடி வந்தான்.

"அண்ணே! பொதையல்!"

கையில் ஒரு கட்டு காகிதம். சாண்ட்விச் சுற்றி வரும் மெழுகுக் காகிதம், ஒரு சாண்ட்விச் கடையின் படம் அச்சடித்தது. முழங்கை ஆழத்தில், நேர்த்தியாக மடித்து, மேலே மண்ணைச் சமமாகத் தட்டிப் புதைத்திருந்தார்கள். குப்பையை எப்படிப் புதைக்க வேண்டும் என்று முகாமின் முதல் நாளே உஸ்தாத் வகுப்பு எடுத்திருந்தார். அவருடைய மாணவர்கள் அதில் முதல் மார்க்.

காகிதத்தை முகர்ந்தேன். பூண்டும் மயோனைஸும். வெயிலில் இருந்த மயோனைஸ் என்ன வாசம் அடிக்கும் என்று சத்வாவில் நாலு வருஷம் நின்றவனுக்குத் தெரியாதா?

உஸ்தாத் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் நடுவில் வைத்தார். அதற்குமேல் அவர்களால் தாங்க முடியவில்லை. வெளிச் சாப்பாடு வாங்கினால் சாரணர் பேட்ஜைக் கழற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம், ஒரு கார் வந்திருக்கிறது. டிரைவர் ஒரு பெட்டி நிறைய கோழி சாண்ட்விச் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"யார் அனுப்பியது?"

ஒரு பையன் அழுதுகொண்டே சொன்னான்: "அம்மு அபு சாலிம்."

உஸ்தாத் சமீர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வகீல் திரும்பி வந்ததும் உஸ்தாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "வகீல், செவ்வாய்க்கிழமை ஓட்டு. நமக்காகப் பேசுகிறவர்களில் பெரிய குரல் அவருடையதுதான். அவர் கொடுத்ததைத் தின்றுதான் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று வெளியே வந்தால் அவரும் போனார், முகாமும் போயிற்று. காற்று, குளிர், தண்ணீர் மாறியது என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகள்தான் எழுந்துவிட்டார்களே."

வகீல் உஷ்ணமானியை எடுத்துத் துடைத்து மறுபடி பையில் வைத்தார்.

"காற்று என்று எழுதினால், இந்த ஆள் என்ன ஆவான்?" என்று என்னைக் காட்டினார். "காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இவனுக்கு இருக்கிறது."

உஸ்தாத் அவர் கையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார்.

வகீல் நேராக அபு சாலிமுக்கே ஃபோன் போட்டார். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெரிய மனிதர் வந்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் காரிலிருந்து இறங்கினார். வகீல் சலாம் சொல்லி, காகிதக் கட்டை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அபு சாலிம் டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். காலையில் வாங்கி, டிக்கியில் வைத்து, வேறு இரண்டு வேலையை முடித்துவிட்டு மத்தியானம் கொண்டுவந்ததாக அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அவனைத் திட்டாதே" என்றார் அபு சாலிம், வகீல் ஒன்றும் சொல்லாதபோதே. "எங்கேயெல்லாம் போக வேண்டும் என்று சொன்னது நான்."

பிறகு அந்த மூன்று கூடாரத்துக்கும் போனார். ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் மண்ணில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பை ஒவ்வொரு முறையும் உட்கார்த்தி எழுப்ப இரண்டு சிப்பாய்கள் வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவருடைய வெள்ளை அங்கியில் முழங்கால்வரை மண். நான் டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீதான் சமையல்காரனா? உன்னை என்ன செய்வதாக இருக்கிறார்கள்?" என்றார்.

"தெரியாது சார். பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார்களாம்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கள் சாயங்காலம் லேப்பிலிருந்து தாள் வந்தது. எல்லா ஜாடியும் சுத்தம். வாசல் நாடாவை அவிழ்த்தார்கள். வகீல் என்னிடம் தாளை நீட்டி, "இரவுக்கு என்ன சமைக்கிறாய்?" என்று கேட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பாராளுமன்றக் கூட்டத்தை டிவியில் காட்டினார்கள். வகீலின் கூடாரத்தில் ஒரு சின்ன டிவி, ஜெனரேட்டரில் ஓடும். நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்ணில் உட்கார்ந்தோம். முதலில் ஒரு உறுப்பினர் கண்ணிவெடியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், கூடாரத்தையும் டேங்கரையும் கல்வித்துறை தனியாக ஏற்பாடு செய்ய இரண்டு வருஷம் ஆகும், அதுவரை பிள்ளைகள் வளராமல் நிற்பார்களா என்று கேட்டார். பிறகு அபு சாலிம் எழுந்தார். வகீல் அவர் பேசப் பேச எங்களுக்கு இந்தியில் சொன்னார். பாதியில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் "பாய், க்யா போலா? க்யா போலா?" என்று, என்ன சொன்னார் எனக் கேட்டு நச்சரித்துத்தான் மிச்சத்தை வாங்கினோம்.

அவர் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை முப்பத்து நாலு பிள்ளைகளுக்கு வாந்தி. ராணுவச் சாப்பாட்டால் என்று இரண்டு நாளாக ஊரெல்லாம் பேச்சு. ராணுவச் சாப்பாட்டால் இல்லை. என்னால். நான் அன்போடு அனுப்பிய சாண்ட்விச்சால். அன்பை வெயிலில் காரின் டிக்கியில் வைத்தால் அதுவும் கெட்டுப்போகும் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன்."

சபையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"அங்கே ஒரு இந்தியச் சமையல்காரர் இருக்கிறார். யூசுப் என்று பெயர். மூன்று நாள் சாப்பாட்டை, ஒவ்வொரு பானையிலிருந்தும் எடுத்து, மணி எழுதி, சூடு எழுதி வைத்திருந்தார். நான் எதை வைத்திருந்தேன்? என் சாட்சியைப் பிள்ளைகள் மண்ணில் புதைத்துவிட்டார்கள், அதையும் மிக ஒழுங்காக. ராணுவம் பிள்ளைகள் முகாமில் என்ன செய்கிறது என்று என் நண்பர் கேட்டார். பதில் இதுதான். ராணுவம் அந்த ஜாடியை வைத்திருக்கிறது. என்னைப் போன்ற நல்ல மனதுக்காரர்களிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது."

செல்வராசு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, உங்க பேரு! உங்க பேரு!" கடற்கரையில் வள்ளம் ஏற முடியாதவன் என்று சிரிப்புக்கு ஆளானவன் நான்.

அடுத்து கண்ணாடிக்காரர் எழுந்தார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளைகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. தன் தவற்றைச் சபையில் சொன்ன நண்பருக்கு மரியாதை. சமையலறை, ஆம்புலன்ஸ், தரைச் சோதனை பற்றிய என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன். மற்ற வண்டிகளைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது." ஓட்டெடுப்பில் கைகள் உயர்ந்தன. உதவி தொடரும் என்று முடிவானது. வகீல் டிவியை அணைத்தார். "ஷுக்ரன்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு மட்டும் அது வெறும் நன்றிதான் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

பேட்ஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உஸ்தாத் ஒருவருடையதையும் கழற்றவில்லை. மூன்று கூடாரத்துக்கும் இரண்டு நாள் வெங்காயம் உரிக்கும் தண்டனை கொடுத்தார். எங்களுக்கு அதைவிட நல்ல தண்டனை வேறு இல்லை.

முகாமின் கடைசி நாள் மத்தியானம் பரிமாறிக்கொண்டிருந்தேன். வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் தட்டோடு நின்றார். நிமிர்ந்து பார்த்தால் தங்க ஃபிரேம் கண்ணாடி. கூட ஒருவரும் இல்லை. தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வகீல் எழுந்து வரப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சோறு வாங்கினார், சூப் வாங்கினார். பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இந்த சூப்பில் ஏதோ இலை இருக்கிறதே?"

நான் வகீலைப் பார்த்தேன். வகீல் வானத்தைப் பார்த்தார்.

"எங்கள் ஊர் இலை சார்."

"இன்னும் ஒரு கரண்டி போடு."

சாப்பிட்டு எழுந்தவர் தட்டை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் தேடினார். செல்வராசு ஓடிப்போய் வாங்கப் போனான். அதற்குள், முந்திய வாரம் வாந்தி எடுத்துக் கிடந்த பத்து வயதுப் பையன் ஒருவன் குறுக்கே வந்தான். இங்கே அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும் என்று அவருக்கு விளக்கினான். டேங்கர் குழாயடியில் நீண்ட வரிசை. அவர் அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது நேராகக் குழாயைத் திறக்கப் போனார். பையன் கையைத் தட்டிவிட்டான்.

"அம்மு, முதலில் மணல். அப்புறம்தான் தண்ணீர். தண்ணீர் தூரத்திலிருந்து வருகிறது."

நாட்டின் சட்டம் செய்கிறவர் குனிந்தார். ஒரு கை மணலை அள்ளித் தட்டில் போட்டு, அந்தப் பையன் செய்து காட்டியபடியே வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.